முகப்பருவும் ஒளி மருத்துவமும்

முகப்பரு பள்ளிப் பருவத்தோடு மறைந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பலருக்கு அப்படியே மறைந்தும் விடுகிறது. ஆனால் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் பரு விடாமல் தொடரும் பெண்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 25 வயதைக் கடந்த 749 பேரைப் பரிசோதித்த மருத்துவர்கள், பெண்களில் 100க்கு 12 பேருக்கும் ஆண்களில் 100க்கு 3 பேருக்கும் நன்கு தெரியும் அளவில் பரு இருந்ததாக 1999இல் எழுதினர். ஆகவே இது மாணவியர் மட்டுமன்றி அன்னையரும் அறிய வேண்டிய பாடம்.

பரு உண்டாவது எவ்வாறு?

தோலில் உள்ள மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பரு தோன்ற நான்கு நிகழ்ச்சிகள் காரணமாகின்றன. முதலாவது, ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தூண்டுவதால் எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. இந்த ஹார்மோன் பெண்களின் உடலிலும் சிறிதளவு இயற்கையாகவே உண்டு. இரண்டாவது, உதிர வேண்டிய தோல் அணுக்கள் உதிராமல் துளையை அடைக்கின்றன. மூன்றாவது, அடைபட்ட துளையில் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது. நான்காவது, உடல் அதனை எதிர்ப்பதால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது.

இந்த நான்கில் அழுக்கு என்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. துளையின் வாயில் அடைத்து நிற்கும் பொருள் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தோலின் நிறமியும் அதற்குக் காரணம். எனவே முகத்தை ஓயாமல் சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் பரு போகாது; தோல் புண்ணாவதே மிச்சம். நாளைக்கு இருமுறை மென்மையாகக் கழுவினால் போதும்.

வயது வந்த பின்னும் ஏன்?

வயது வந்த பெண்களுக்குப் பரு பெரும்பாலும் முகவாயிலும் தாடை ஓரத்திலும் தோன்றும். மாதவிடாய்க்குச் சில நாட்களுக்கு முன் மிகும். பலருக்கு இரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். சுரப்பிகள்தாம் அதற்கு மிகுதியாக இணங்குகின்றன. ஆனால் பருவோடு மாதவிடாய் தவறி வருதல், முகத்தில் முடி வளர்தல், உடல் எடை கூடுதல் ஆகியவையும் இருந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள் 1935இல் விவரித்த நோய் இது. அத்தகையோர் முகத்துக்கு மருந்து தேடுமுன் மருத்துவரிடம் பரிசோதனை செய்து கொள்வது அவசியம்.

எந்த மருந்து எதைச் செய்கிறது?

துளை அடைப்பை நீக்குவது அடாபலின். இரவில் பரு உள்ள இடத்தில் மட்டுமன்றி, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். பாக்டீரியாவை அழிப்பது பென்சாயில் பெராக்சைடு. 10 சதவீத மருந்தே சிறந்தது என்று எண்ண வேண்டாம், 2.5 சதவீதமும் ஏறக்குறைய அதே பயனைத் தரும், எரிச்சலும் குறைவு. இது துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கச் செய்யும். எந்த மருந்தாயினும் பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் கைவிடுவதே பலரின் தோல்விக்குக் காரணம்.

ஹார்மோனின் தூண்டுதலைத் தடுக்கும் மாத்திரைகளும் உண்டு. ஸ்பைரோனோலாக்டோன் அவற்றுள் ஒன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்த சோதனையில் இது பயன் தருவது 2023இல் உறுதியாயிற்று. 12 வாரத்தைவிட 24 வாரத்தில் பலன் தெளிவாகத் தெரிந்தது. கடும் பருவுக்கு 1982 முதல் வழங்கப்படும் ஐசோட்ரெட்டினாயின் கருவிலுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். எனவே இவ்விரண்டையும் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளவே கூடாது. கருவுற்றிருக்கும் தாய்மார் அடாபலினையும் தவிர்க்க வேண்டும்.

ஒளி மருத்துவம்

ஒளியால் தோல்நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன். தோலைத் தாக்கும் காசநோய்க்கு ஒளி மருத்துவம் செய்து 1903இல் நோபல் பரிசு பெற்றார். இன்று வீட்டிலேயே பயன்படுத்தும் ஒளி முகமூடிகளும் கைக்கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன.

இவை வேலை செய்யும் விதம் சுவையானது. பரு பாக்டீரியா தன்னுள் போர்ஃபிரின் என்னும் பொருளை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 415 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைப் போர்ஃபிரின் உறிஞ்சும்போது வீரியமிக்க ஆக்சிஜன் தோன்றி அந்தப் பாக்டீரியாவையே கொல்கிறது. சிவப்பு ஒளி தோலில் இன்னும் ஆழமாகச் சென்று வீக்கத்தைத் தணிக்கிறது. 107 பேரைக் கொண்டு நடத்தி 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நீலமும் சிவப்பும் கலந்த ஒளியைத் தினமும் 15 நிமிடமாக 12 வாரம் பெற்றவர்களுக்குச் சிவந்த பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன.

ஆனால் 2016இல் காக்ரேன் அமைப்பு 71 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உறுதியாகப் பரிந்துரைக்கத் தக்க சான்று போதவில்லை என்று கண்டது. மேலும் இந்த ஒளி ஹார்மோனை மாற்றுவதில்லை. துளை அடைப்பையும் நீக்குவதில்லை. நான்கு காரணங்களுள் பின்னிரண்டையே தொடுகிறது. ஆதலால் ஒளியை நிறுத்தினால் பரு திரும்பி வரலாம். இது துணை மருத்துவமேயன்றி முழு மருத்துவமன்று.

நம்மைப் போன்ற மாநிறத்தார்க்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 415 நானோமீட்டர் நீல ஒளி மாநிறத் தோலில் கருமையை உண்டாக்கும் என்றும், அக்கருமை மாதக்கணக்கில் நிற்கும் என்றும், சிவப்பு ஒளி அவ்வாறு செய்வதில்லை என்றும் 2014இல் ஆய்வாளர் காட்டினர். பருவைவிடப் பரு விட்டுச் செல்லும் கரும் தழும்புக்கே வருந்துவோர் இதனை மறத்தலாகாது. கருவியைப் பயன்படுத்தும்போது கண்களைக் காப்புக் கண்ணாடியால் மூடுதல் வேண்டும். விழித்திரை நோய் உள்ளவர்களும், டாக்சிசைக்ளின் போன்ற ஒளியுணர்வு கூட்டும் மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலை எரிக்கும். பருவைக் கிள்ளினால் தழும்பு நிலைக்கும். எல்லாவற்றிலும் கொடியது, ‘சிவப்பழகு’ தரும் என்று யாரோ சொல்ல வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. முதல் வாரம் முகம் பளபளக்கும். பின்பு தோல் மெலிந்து, சிவந்து, பரு முன்னிலும் பன்மடங்காகும். இதனால்தான் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இத்தகைய களிம்புகள் பலவற்றை 2018இல் இந்திய அரசு சேர்த்தது.

அன்பு மாணவியரே! பரு ஒருவருடைய தூய்மையையோ நடத்தையையோ காட்டும் அடையாளமன்று. ‘முகத்தில் என்ன இது?’ என்று பலர் முன்னிலையில் கேட்கும் கேள்வி, பருவைவிட ஆழமான வடுவை உண்டாக்கும். அவ்வாறு கேட்பதை விடுங்கள். உங்கள் முகத்தில் பரு இருந்தால் மறைக்காமல் அன்னையிடம் சொல்லுங்கள். பெற்றோரே! ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்று தள்ளிப் போடாமல், தழும்பாகும் முன்பே மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காரணத்தை அறிந்து, மருந்தை முறையாகப் பூசி, மூன்று மாதம் பொறுப்பவர் பெறும் பலனைப் புதுக் கருவிகளை மட்டும் நம்பிப் பெற இயலாது.