பிசினோசிஸ்: சொல்லைப் பிரித்தால் நோய் விளங்கும்

நூற்பாலைத் தொழிலாளர் சிலரின் மருத்துவக் குறிப்பேட்டில் ‘பிசினோசிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் காணலாம். பசைபோல் ஒட்டும் சளி என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டா. நம் தமிழ்ப் ‘பிசினுக்கும்’ இச்சொல்லுக்கும் எத்தொடர்பும் இல்லை.

ஒலியை நோக்கிப் பிரித்தால் இச்சொல் நான்கு அசைகளாகும்: பி-சி-நோ-சிஸ். பொருளை நோக்கிப் பிரித்தால் இரண்டே பகுதிகள்: பிசின்-ஓசிஸ். முற்பகுதி ‘பிஸ்ஸோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆளிச்செடி நாரால் நெய்த மெல்லிய துணியைக் குறிப்பது. பிற்பகுதி நோய்நிலையைக் குறிக்கும். சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் என்னும் நுரையீரல் நோய்ப் பெயர்களும் இவ்வாறே முடிகின்றன. பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட் 1877ஆம் ஆண்டில் இப்பெயரைக் கையாண்டார்.

இன்றைய வரையறை இது: பருத்தி, ஆளி முதலிய நார்களின் தூசியைப் பணியிடத்தில் தொடர்ந்து சுவாசிப்பதால் மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நோய். தூய பஞ்சிழையைவிட, அதனுடன் கலந்த இலைத்துகள்களும் நுண்ணுயிர்களின் நச்சுப்பொருளுமே இதற்கு முக்கியக் காரணம். ஆகவே புளோரூம், கார்டிங் பிரிவுகளிலும், கழிவுப்பஞ்சைக் கொண்டு நூற்கும் ஆலைகளிலும் ஆபத்து மிகுதி. நிட்டிங், தையல் பிரிவுகளில் தூசியின் அளவு பொதுவாகக் குறைவு; அங்கு வரும் இருமல் அனைத்தும் இந்நோய் ஆகிவிடாது.

இந்நோயின் தனி அடையாளம் கிழமையில் இருக்கிறது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் தணியும். ‘திங்கட்கிழமை மூச்சிறுக்கம்’ என்று மருத்துவ நூல்கள் கூறுவது இதனையே. உங்கள் விடுமுறை புதன்கிழமை எனில், வியாழக்கிழமையே உங்களுக்குத் திங்கட்கிழமை.

தொடக்கத்தில் தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் நலம் பெறலாம். ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்தாது விட்டால் இறுக்கம் எல்லா நாள்களுக்கும் பரவி, நுரையீரல் நிலையாகப் பழுதடையும். புகைபிடித்தல் அதனை விரைவுபடுத்தும்.

எனவே மருத்துவரிடம் நான்கு செய்திகளைக் கூறுங்கள்: எந்தப் பிரிவில் வேலை, எத்தனை ஆண்டுகள், எந்தக் கிழமையில் இறுக்கம், விடுமுறையில் மூச்சு எப்படி. இவை கூறப்படாவிடில் இந்நோய் வெறும் ஆஸ்துமாவாகத் தோன்றக்கூடும். வேலைநாளின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊதிப் பார்க்கும் மூச்சுச் சோதனை, வேறுபாட்டைக் காட்ட உதவும். பணியில் முகக்கவசம் அணியுங்கள். உடையில் ஒட்டிய பஞ்சைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள்.

பெயர் சரியாக அமைவது சிகிச்சைக்கு மட்டுமன்று, உங்கள் உரிமைக்கும் வேண்டியதாகும். சட்டத்திலேயே இது தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. குறிப்பேட்டில் விளங்காத சொல் எதனைக் கண்டாலும், பிரித்துப் பொருள் கூறுமாறு உங்கள் மருத்துவரைத் தயங்காது கேளுங்கள்.