புலவரும் இதழாசிரியரும்: குலாம் காதிறு நாவலர்

நாகூரில் 1833-இல் பிறந்து 1908-இல் மறைந்த குலாம் காதிறு நாவலரை நாம் பெரும்பாலும் புலவராகவே அறிவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட அவர், நாகூர்ப் புராணம், நாகூர்க் கலம்பகம் முதலிய நூல்களை யாத்தார். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்துப் புலவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

அவர் இதழாசிரியராகவும் தொண்டாற்றினார் என்பதை நாம் மறத்தலாகாது. கடல் கடந்து பினாங்கு சென்று 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். பின்னர் அவ்விதழ் நாகூரிலிருந்தும் வெளிவந்தது. ரெயினால்ட்சு எழுதிய ஆங்கிலப் புதினத்தை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' எனத் தமிழ் உரைநடையில் தந்தார். புராணம் கற்றோர் சுவைப்பது. இதழோ எழுத்தறிந்தார் யாவரும் படிப்பது. இரண்டையும் எழுதியது ஒரே கை.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வட்டாரத்தவராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம்மில் பலர்க்கு இல்லத்தில் உருது, கடைவீதியில் தமிழ், ஏற்றுமதிக் கடிதத்தில் ஆங்கிலம். தமிழைத் தேர்வுக்கு மட்டும் உரியதாகக் கொள்வோமாயின், தோல் பதனிடும் தொழிலின் நுட்பமும், தொழிலாளர் படும் துயரும், பாலாறு மாசுற்ற வரலாறும் எவர் ஏட்டில் ஏறும்? யாப்பும் கற்போம், நம்மூர்ச் செய்தியையும் பிழையற்ற தமிழில் எழுதுவோம். நாவலர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.