லினக்ஸில் கேம் ஓட மறுக்கிறதா?

1. காசு கொடுக்கும் முன் 'புரோட்டான் டிபி' தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்று தரம் இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

2. ஸ்டீம் செட்டிங்ஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் புரோட்டான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுவது அதுதான்.

3. புது கிராபிக்ஸ் கார்டு வாங்குவதானால் என் ஓட்டு ஏஎம்டிக்கு. அதன் டிரைவர் கெர்னலோடும் மெசாவோடும் சேர்ந்தே வந்துவிடும். தனியாக எதையும் தேடி அலைய வேண்டாம். ஏற்கெனவே என்விடியா இருக்கிறதா? விற்றுவிடாதீர்கள். டிரைவரை மட்டும் உங்கள் உபுண்டு, ஃபெடோராவின் மென்பொருள் களஞ்சியம் வழியாகவே நிறுவுங்கள். என்விடியா தளத்திலிருந்து நேரே இறக்கிப் போட்டால், அடுத்த கெர்னல் அப்டேட்டில் திரை கறுத்து நிற்க வாய்ப்புண்டு.

4. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிரைவில் கேமை வைக்காதீர்கள். எக்ஸ்ட்4 டிரைவில் வையுங்கள். புரோட்டான் உருவாக்கும் பெயர்களில் 'c:' போல முக்காற்புள்ளி வரும். விண்டோஸுக்கு அது ஆகாது.

5. முதல் தடவை 'ஷேடர்' தயாராகும்போது 'ஸ்கிப்' அழுத்தாதீர்கள். பொறுமை இல்லாவிட்டால் ஆட்டம் நடுவே திக்கித் திணறும்.

6. வேலோரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டோடும் மல்லுக்கட்ட வேண்டாம். அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு ஏற்பாடு லினக்ஸை உள்ளே விடாது. அவை இல்லாமல் முடியாதென்றால் தனி எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

7. வண்ண விளக்குக் கீபோர்டுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். விளக்கை மாற்றும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது.