கீழே கிடப்பவர் தோற்றவரல்லர்



எமது பிள்ளைகளிற் சிலர் காலையில் தமிழ் வகுப்பு, மாலையில் பிரேசிலியன் ஜூஜிட்சு வகுப்பு என்று சனிக்கிழமைகளைக் கழிக்கின்றனர். அதனை முதன்முதலிற் பார்க்கும் பெற்றோர் திடுக்கிடுவதுண்டு. "பிள்ளை மல்லாந்து கிடக்கிறானே, தோற்றுவிட்டானா?" என்று கேட்பர். மல்யுத்தத்தில் இரு தோள்களும் விரிப்பிற் பட்டால் தோல்வி என்பதே நாம் அறிந்த விதி. இக்கலையிலோ, கீழே கிடப்பவர் தமது கால்களால் எதிராளியைக் கட்டுப்படுத்தும் வரை தோற்றவரல்லர். இந்நிலையைக் 'கார்ட்' என்பர். நாம் காப்பு நிலை என்போம்.

யப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914 இல் பிரேசிலை அடைந்தார். அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும், மெலிந்த உடல் கொண்ட தம்பி ஹீலியோவும் நிலத்திற் பொருதும் முறையை வளர்த்தனர். 1994 டிசெம்பரில் அமெரிக்காவில் நடந்த போட்டியொன்றில் ஹீலியோவின் மகன் ரோய்ஸ், தம்மிலும் மிகப் பாரமான டான் செவெர்னின் கீழ் 15 நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார். இறுதியில் தமது கால்களை முக்கோணமாகப் பூட்டி, அவரது கழுத்தை இறுக்கி வென்றார்.

இனி, தொடக்க மாணவர் அறிய வேண்டிய மூன்று நிலைகளைப் பார்ப்போம்.

1. மூடிய காப்பு: எதிராளியின் இடுப்பை இரு கால்களாலும் சுற்றி, அவரது முதுகுக்குப் பின்னால் கணுக்கால்களைப் பூட்டுதல். அவரை நிமிர விடாது முன்னே இழுத்து வைத்திருப்பதே முதல் வேலை.

2. திறந்த காப்பு: பூட்டு அவிழ்ந்ததும் பாதங்களை அவரது இடுப்பிலோ, மேற்கையிலோ ஊன்றி, சட்டைக் கையைப் பிடித்துத் தூரத்தைக் காத்தல்.

3. அரைக் காப்பு: அவரது ஒரு காலை மட்டும் எமது இரு கால்களுக்கிடையிற் பிடித்தல். இங்கே மல்லாந்து கிடத்தல் ஆகாது. பக்கவாட்டிற் சரிந்திருக்க வேண்டும்.

ஒரு நிலை உடையும்போது அதனையே பிடித்துக்கொண்டு போராடாமல், உடனே மற்றதற்கு மாறுவதே உண்மையான வளைந்துகொடுக்கும் தன்மை. இதற்கு அடிப்படை இடுப்பசைவு. பாதத்தை நிலத்தில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, இறால் போல் உடலை மடக்கிப் பின்னே நகரும் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பிலும் செய்விப்பது இதனாற்றான்.

சில மாணவர்கள் உடல் வளைந்தாற் போதும் என்று நினைக்கின்றனர். 2003 இல் எடி பிராவோ, பெயர்பெற்ற ரொய்லர் கிரேசியை வென்ற பின், அவரது 'ரப்பர் கார்ட்' முறை புகழ்பெற்றது. அதில் தமது பாதத்தைத் தாமே கையாற் பிடித்து, எதிராளியின் தோள் வரை இழுத்து வைப்பர். பார்க்க அழகானது, ஆனால் ஆபத்தும் உண்டு. இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. பல பக்கமும் சுழலும். முழங்காலோ பெரும்பாலும் கதவுக் கீல் போன்று மடங்கி நீள்வது. இடுப்பு திரும்பாத நிலையிற் பாதத்தை இழுத்தால் அந்த முறுக்கு முழங்காலிலேயே விழும். முழங்காலில் வலி தோன்றினால் உடனே காலை விட்டுவிடுக.

பத்தகோணாசனம் போன்றவற்றை உடல் சூடேறிய பின் மெதுவாகச் செய்க. முழங்கால்களைக் கையால் அழுத்த வேண்டாம். மற்றவர் ஏறி மிதிக்கவும் விட வேண்டாம்.

இறுதியாக ஒன்று. பிடி இறுகும்போது எதிராளியின் உடலிலோ, விரிப்பிலோ தட்டினால் அவர் விட்டுவிடுவார். 1951 இல் ரியோ நகரில் மசஹிக்கோ கிமுராவின் பிடியில் ஹீலியோ தட்ட மறுத்தார், கை முறிந்தது. அவர் பக்கத்தவர் போட்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. அவரது மனவுறுதியை உலகம் போற்றுகின்றது. ஆயினும் வகுப்பறையில் எமது பிள்ளை அதனைப் பின்பற்ற வேண்டியதில்லை. இன்று தட்டியவர் நாளை மீண்டும் பழகலாம். முழங்கால் கிழிந்தவர் பல மாதம் வீட்டில் இருக்க நேரும்.

ஆகவே பெற்றோரே, வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "வென்றாயா?" என்று மட்டும் கேளாதீர்கள். "இன்று நேரத்திற்குத் தட்டினாயா?" என்றும் கேளுங்கள்.