நாள்கணக்கில் ஓடப் போகிறீர்களா?

டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையில் 6,002 கி.மீ. தூரத்தை நெடுந்தூர ஓட்ட வீராங்கனை சூஃபியா கான் 111 நாட்களுக்குள் ஓடி, 2021 ஏப்ரலில் முடித்தார். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை (இ.சி.ஆர்.) வழியே புதுச்சேரிக்குச் சில நாள் ஓட நினைப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்:

● அடுத்தடுத்த நாள் ஓடிப் பழகுங்கள். சனிக்கிழமை பெசன்ட் நகரிலிருந்து சாந்தோம் வழியாக மெரினா. ஞாயிறும் அதே பாதை, வேகத்தைக் குறைத்து. களைத்த காலோடு ஓடுவதுதான் இதற்கான பயிற்சி.

● விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடியுங்கள். மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். உப்பு போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். கைவசம் இருக்கட்டும்.

● தி.நகரில் ஷூ வாங்க மாலையில் போங்கள். ஓட ஓடப் பாதம் வீங்கும். மாலை அளவே சரியாக இருக்கும்.

● கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். கழுவித் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டி, உலர்ந்த சாக்ஸ் போடுங்கள்.

● வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர்ச்சத்து குறைந்த உடம்பில் ஐபுபுரூஃபன் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

● தசைவலி, அலுப்பு என்றால் ஓட்டமும் நடையுமாகச் சமாளிக்கலாம். எலும்பில் விரல் வைத்த இடத்தில் சுரீரென்று வலித்தாலோ, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.