லாச்சப்பலில் கடை போட வரும் பிள்ளைகளுக்கு

பாரிசின் லாச்சப்பலில் முப்பது வருசம் பலசரக்குக் கடை நடத்தினேன். இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த எங்களுக்கு வங்கி கை தரவில்லை, தெரிந்த சனம்தான் தந்தது. தம்பி தங்கச்சிமாரே, அந்தச் சனத்தை எப்படி வைத்திருப்பது என்று சொல்கிறேன்.

1. கடைக்கு வாடகை பேச முன்னம் இன்னொருவர் கடையில் ஆறு மாசம் நில்லுங்கள்.

2. சீட்டுப் போடுங்கள், ஆனால் சீட்டை நடத்தும் தாச்சி யாரென்று விசாரித்துப் போடுங்கள். இருபது பேர் மாசம் 500 யூரோ கட்டினால் 10,000 சேரும். கழிவுச் சீட்டில், அவசரத்துக்கு 1,500 கழிவு கேட்டவருக்கு 8,500தான் கையில் வரும். அந்தக் கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். என் முதல் குளிர்பெட்டி சீட்டுக் காசில் வாங்கியது. பின்னொரு சீட்டில் தாச்சி காசோடு மறைந்துபோனார். வழக்குப் போட எங்களிடம் துண்டுக் கடதாசியும் இல்லை. சீட்டு எடுத்த பிறகும் தவறாமல் கட்டுகிறவர்களோடு மட்டும் சேருங்கள்.

3. ரன்ஜிஸ் மொத்தச் சந்தைக்கு முதலில் தனியே போகாதீர்கள். பக்கத்துக் கடைக்காரரின் வானில் ஏறுங்கள். விடியாத குளிரில் கொத்தமல்லிப் பெட்டியைத் திறந்து, கட்டுக்குள் விரலை விட்டு, நடுத்தண்டு வழுக்குகிறதா என்று பார்க்க எனக்குப் பழக்கியவர் என் எதிர்க்கடைக்காரர். மேல் கட்டு எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும்.

4. கொழும்பிலிருந்து மரக்கறி இறங்கிய அன்றே முருங்கைக்காயைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கள். வயதான அம்மாமாருக்குக் குரலில் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் எழுத்தைவிடக் குரலை நம்புவார்கள். மரண அறிவித்தல் வந்த குழுவில் அன்று விலை போட வேண்டாம்.

5. மருமகனே கல்லாவில் நின்றாலும் பதிந்து சம்பளம் கொடுங்கள். வேலை தொடங்க முன்னரே அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். சொந்தம் என்று சும்மா வேலை வாங்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

6. மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வருகிற அன்று கடை வாசலில் தேங்காய் குவித்து, சனத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். அன்று வியாபாரக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

7. நாளைக்கு உங்கள் கடைக்கு எதிரே ஒரு புதுப் பிள்ளை கதவு திறக்கும். மனம் சுருங்கத்தான் செய்யும், எனக்கும் சுருங்கியது. இருந்தாலும் ரன்ஜிஸ் போகும்போது அந்தப் பிள்ளைக்கு உங்கள் வானில் ஓர் இடம் கொடுங்கள்.