சுருதி கூட்டிய கிதாரில் சுருதி பிசகுவது ஏன்?

புதிய மின்கிதார் ஒன்று வீட்டிற்கு வருகிறது. கைப்பேசியில் உள்ள சுருதிச் செயலியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி கூட்டுகிறோம். விரல் வைக்காமல் மீட்டினால் ஒவ்வொரு தந்தியும் துல்லியமாக ஒலிக்கிறது. ஆனால் கழுத்தின் நடுப்பகுதியில் விரல்களை ஊன்றி இரண்டு மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டினால், ஒலி புளித்துப்போன மாதிரி இருக்கிறது. வாசிப்பவர் தம் காதைச் சந்தேகிக்கிறார்; விரலைச் சந்தேகிக்கிறார்; பிறகு கருவியையே சந்தேகிக்கிறார். இப்படிச் சில வாரங்களிலேயே உறைக்குள் போய்விட்ட கிதார்கள் ஏராளம். பெரும்பாலும் கருவியில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. பிரிட்ஜில் உள்ள சில திருகாணிகள் இன்னும் தம் இடத்திற்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வீணையில் குதிரை என்று சொல்லப்படும் உறுப்புக்குக் கிதாரில் பிரிட்ஜ் என்று பெயர். வீணையின் மெட்டுகளைக் கிதாரில் ஃபிரெட் என்பார்கள். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கும் கலைஞர் ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி வைக்கிறார். கிதாரில் ஃபிரெட்டுகள் மரத்தில் அறைந்து பதிக்கப்பட்டவை. அவற்றை நகர்த்த வழியில்லை. நகர்த்தக்கூடியது மறுமுனையில் இருக்கும் பிரிட்ஜ் மட்டுமே. மின்கிதாரின் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் சேடில் என்னும் ஒரு சிறு உலோகக் கட்டை உண்டு. அதை ஒரு திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். வேறு திருகாணிகளால் உயர்த்தலாம், தாழ்த்தலாம்.

நன்றாகச் சீர்செய்யப்பட்ட கிதார் ஒன்றின் பிரிட்ஜை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஆறு சேடில்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கமாட்டா. மிக மெல்லிய முதல் தந்தியின் சேடில் கழுத்துக்கு அருகில் இருக்கும். இரண்டாவது சற்றுப் பின்னால். மூன்றாவது இன்னும் பின்னால். நான்காவது திடீரென்று முன்னால் வந்துவிடும். ஐந்தும் ஆறும் மறுபடி பின்வாங்கும். இரண்டு படிக்கட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் போன்ற தோற்றம்! இந்த விசித்திர வடிவம் எங்கிருந்து வந்தது?

சுரமானி சொல்லும் கணக்கு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானியைப் பார்த்திருப்பீர்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையினுடைய வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636இல் வெளியிட்ட விதிகள் இவை.

கிதாரில் ஃபிரெட்டுகளின் இடத்தை நிர்ணயிப்பது முதல் விதி. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் 1.05946 மடங்கு கூட வேண்டும்; இந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 2 வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதாரில் தந்தியின் கணக்கு நீளம் 648 மில்லிமீட்டர். முதல் ஃபிரெட் தலைப்பக்கத்து முனையிலிருந்து 36.4 மி.மீ. தூரத்தில் அமையும். பன்னிரண்டாம் ஃபிரெட் சரியாக நடுவில், 324 மி.மீட்டரில் அமையும். நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். ஒரு ஸ்தாயி மேலே போய்விடும்.

இந்தக் கணக்கில் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. விரலை வைத்து அழுத்தும்போது நீளம் மட்டுமா மாறுகிறது? ஃபிரெட்டுக்கு மேலே சற்று உயரத்தில் ஓடும் தந்தியைக் கீழே வளைத்து அழுத்துகிறோம். வளைந்த பாதை நேர்ப்பாதையைவிட நீளமானது. ஆகவே தந்தி சிறிது நீள்கிறது, இழுவிசை கூடுகிறது, இரண்டாம் விதியின்படி சுருதி ஏறிவிடுகிறது. ஃபிரெட் சரியான இடத்தில் இருந்தும் சுரம் கூர்மையாக ஒலிப்பது இதனால்தான்.

கலீலியோவின் தந்தை வின்சென்ஸோ கலீலி ஓர் இசை அறிஞர். 1581இல் வெளிவந்த தம் நூலில், லூட் என்னும் தந்திக் கருவிக்கு ஒவ்வொரு ஃபிரெட்டையும் மீதி நீளத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் வைக்கலாம் என்று அவர் எழுதினார். அப்படி வைத்தால் பன்னிரண்டாம் ஃபிரெட் நடுப்புள்ளிக்குச் சற்று முன்பே விழுந்துவிடும். சுரம் கொஞ்சம் தாழும். தூய கணிதத்தின் கண்ணுக்கு இது பிழை. ஆனால் விரல் அழுத்தத்தால் சுருதி ஏறுகிறதே, அதை இந்தத் தாழ்வு ஓரளவு ஈடுகட்டிவிடும்!

எவ்வளவு ஏறும்?

இதை நாமே கணக்கிடலாம். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து ஒரு பங்கைச் சென்ட் என்கிறார்கள். ஒரு சென்ட் என்பது அதிர்வெண்ணில் ஏறத்தாழ 0.058 சதவீதம்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தி 1.6 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதை அழுத்தும்போது இருபுறமும் 324 மி.மீ. அடிப்பக்கமும் 1.6 மி.மீ. உயரமும் கொண்ட இரண்டு செங்கோண முக்கோணங்கள் உண்டாகின்றன. பித்தாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள். இரு கர்ணங்களும் சேர்ந்து தரும் கூடுதல் நீளம் வெறும் 0.0079 மி.மீ.தான். தலைமுடியின் தடிமனில்கூட ஒரு சிறு பங்கு!

இவ்வளவு சிறிய நீட்சி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். தந்தி ஏற்கெனவே எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 2 × 10¹¹ நியூட்டன்/மீ². முதல் தந்தியின் விட்டம் 0.25 மி.மீ.; சுருதி கூட்டியபின் அதன் இழுவிசை சுமார் 72 நியூட்டன். கணக்கிட்டால் அது ஏற்கெனவே 4.6 மி.மீ. நீண்டிருப்பது தெரியும். மூன்றாம் தந்தியின் இழுவிசையும் ஏறத்தாழ இதே அளவுதான், 74 நியூட்டன். ஆனால் விட்டம் 0.43 மி.மீ. ஆதலால் அது 1.6 மி.மீ. மட்டுமே நீண்டிருக்கிறது. இரண்டாம் தந்தி இவற்றிற்கு இடையில், 2.6 மி.மீ.

இழுவிசை நீட்சிக்கு நேர்விகிதம் என்பது ஹூக் விதி. அதே 0.0079 மி.மீ. கூடுதல் நீட்சி முதல் தந்தியின் இழுவிசையை 0.17 சதவீதமும், மூன்றாம் தந்தியின் இழுவிசையை 0.48 சதவீதமும் உயர்த்துகிறது. வர்க்கமூலம் எடுப்பதால் அதிர்வெண்ணில் இதில் பாதி. ஆக, முதல் தந்தி 1.5 சென்ட், இரண்டாவது 2.6 சென்ட், மூன்றாவது 4.2 சென்ட் ஏறுகின்றன. மூன்றாம் தந்தியைப் பற்றி கிதார் வாசிப்பவர்கள் ஓயாமல் குறைப்படுவதற்குக் காரணம் இதுதான். அது தடித்தது, ஆனால் போதிய அளவு நீட்டப்படாதது.

பரிகாரம் என்ன? சேடிலைப் பின்னால் தள்ளித் தந்தியைச் சிறிது நீளமாக்கினால், ஏறிய சுருதி இறங்கிவிடும். 648 மி.மீ. நீளக் கிதாரில் ஒரு சென்ட்டைச் சரிக்கட்ட சுமார் 0.37 மி.மீ. பின்தள்ள வேண்டும். அப்படியானால் முதல் மூன்று சேடில்களும் முறையே 0.6, 1.0, 1.6 மி.மீ. பின்னால் போக வேண்டும். முதல் படிக்கட்டு வந்துவிட்டதல்லவா? நடைமுறையில் இந்த அளவுகள் இன்னும் சற்றுக் கூடும். விரல் தந்தியை ஃபிரெட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் அமுக்குகிறது. தந்திக்கு உள்ள விறைப்பும் சுருதியை ஏற்றுகிறது.

நான்காம் தந்தி ஏன் முன்னால் வருகிறது? அது ஒற்றைக் கம்பி அன்று. மெல்லிய எஃகு இழையின்மேல் வேறொரு கம்பியைச் சுருளாகச் சுற்றியது. இழுவிசையைத் தாங்குவது உள்ளிழை மட்டுமே. சுற்றுக்கம்பி நிறையைக் கூட்டுகிறது, அவ்வளவே. அந்த உள்ளிழை மூன்றாம் தந்தியைவிட மெல்லியது. ஆகவே நன்றாக நீண்டிருக்கிறது. விரலின் சிறு அழுத்தத்தை அது பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஐந்து, ஆறாம் தந்திகளில் உள்ளிழையும் தடிப்பதால் இரண்டாம் படிக்கட்டு தொடங்குகிறது.

வரிசை மாறினால் வேலை வீண்

இவ்வளவு தெரிந்ததும் நேராகச் சேடிலைத் திருகப் போய்விடக் கூடாது. மேலே செய்த கணக்கில் தந்தியின் உயரம் வர்க்கமாக வருகிறது. உயரம் 1.6இலிருந்து 3.2 மி.மீ. ஆனால் நீட்சி நான்கு மடங்காகும்; மூன்றாம் தந்தி ஏறத்தாழ 17 சென்ட் கூர்மையாகிவிடும். இது யார் காதிற்கும் கேட்கும். ஆகவே உயரத்தைச் சரிசெய்யாமல் சேடிலின் இடத்தைச் சரிசெய்வது வீண் உழைப்பு. அந்த உயரமோ கழுத்தின் வளைவைப் பொறுத்தது.

முதலில் பழைய தந்திகளை மாற்றிப் புதியவற்றைக் கட்டி, கையால் மெல்ல இழுத்து இழுத்துச் சுருதி நிற்கும்வரை கூட்டுங்கள். ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை சுமார் 47 கிலோகிராம் எடைக்குச் சமம். மரக் கழுத்து அந்த இழுப்பில் வில்லாக வளையாமல் இருக்க, அதற்குள் டிரஸ் ராடு என்னும் இரும்புத் தண்டு ஓடுகிறது. கழுத்து முழு நேராகவும் இருக்கக் கூடாது. அதிரும் தந்தி ஃபிரெட்டுகளில் உரசாமல் இருக்கச் சிறிது குழிவு வேண்டும். முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடியுங்கள். தந்தியே இப்போது ஓர் அளவுகோல் ஆகிவிட்டது. எட்டாம் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே 0.25 மி.மீ. அளவு, ஒரு முகவரி அட்டையின் தடிமன், இடைவெளி இருந்தால் சரி. இடைவெளி அதிகமானால் தண்டை வலப்புறமாக முடுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் வேண்டாம். முடுக்கும்போது தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, அனுபவசாலியிடம் கொடுத்துவிடுங்கள். மற்றத் திருகாணிகளில் செய்யும் தவற்றைத் திருப்பித் திருகிச் சரிக்கட்டலாம். இதன் மரை அறுந்தாலோ தண்டு முறிந்தாலோ கழுத்தையே மாற்ற நேரிடும்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் இன்னொரு தொல்லை உண்டு. இதன் பிரிட்ஜ் உடலோடு இறுகப் பொருத்தப்பட்டதன்று. முன்விளிம்பில் ஊன்றி நிற்கும் நெம்புகோல் அது. மேலே தந்திகள் கழுத்தை நோக்கி இழுக்கின்றன. உடலின் உட்குழியில் உள்ள சுருள்வில்கள், பிரிட்ஜிலிருந்து கீழே இறங்கும் உலோகக் கட்டையைப் பிடித்து எதிர்த் திருப்புத்திறனைத் தருகின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. ஒரு தந்தியை முறுக்கினால் பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது. மற்ற ஐந்தும் தளர்கின்றன. அவற்றைக் கூட்டினால் முதலில் கூட்டியது கெடுகிறது. புதியவர்கள் மணிக்கணக்கில் இப்படிச் சுற்றிவருவதுண்டு!

இதற்கு எளிய வழி உண்டு. பின்பக்க மூடியைக் கழற்றி, அந்த உலோகக் கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் இடையே ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து சுமார் 3 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி அதன் தடிமன் இருக்கட்டும். இப்போது பிரிட்ஜ் சாயாது. ஆறு தந்திகளையும் நிம்மதியாகச் சுருதி கூட்டலாம். பிறகு சுருள்வில்களைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளையும் சிறிது சிறிதாக முடுக்குங்கள். மரத்துண்டு தானாகத் தளர்ந்து விழும் நேரத்தில் திருப்புத்திறன்கள் சமமாகிவிட்டன என்று பொருள்.

அடுத்தது உயரம். பதினேழாம் ஃபிரெட்டில் தந்தியின் அடிப்பக்கம் 1.6 மி.மீ. உயரத்தில் இருப்பது நல்ல தொடக்கம், இரண்டு ஏ.டி.எம். அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஏறத்தாழ அந்தத் தடிமன் வரும். தந்திகளுக்குக் கீழே உள்ள காந்தச் சுருள்கள் மிக அருகில் இருந்தால் அவற்றையும் இறக்கிவிடுங்கள். காந்தம் எஃகுத் தந்தியை இழுத்து அதிர்வைக் குழப்பும். சுருதிச் செயலியும் ஒரு முடிவுக்கு வராமல் தடுமாறும்.

இனிச் சேடிலுக்கு வரலாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டி, விரலை உடனே எடுத்துவிடுங்கள். அங்கே ஒரு கணு உண்டாகி, மணியோசை போன்ற சீரிசை கேட்கும். தந்தி வளையாததால் இது கலப்படமற்ற ஸ்தாயி. அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய சுரம் கூர்மையாக இருந்தால் சேடிலைக் கழுத்திலிருந்து விலக்கிப் பின்னால் தள்ளவும். தாழ்ந்திருந்தால் முன்னால் கொண்டுவரவும். ஒவ்வொரு முறையும் திறந்த தந்தியை மறுபடி சுருதி கூட்டியபிறகே சோதிக்க வேண்டும். வாசிக்கும்போது எவ்வளவு வலுவாக அழுத்துவீர்களோ, சோதிக்கும்போதும் அவ்வளவே அழுத்துங்கள்.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில் சரியாகி, முதல் இரண்டு மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் கூர்மையாக ஒலித்தால் குற்றம் பிரிட்ஜில் இல்லை. தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்து செல்லும் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன. மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தால், முதல் ஃபிரெட்டுக்கு மேலே மயிரிழை இடைவெளி மட்டுமே தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அராவ வேண்டும். அராவியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாதாகையால், இதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் ஒவ்வொரு தந்திக்கும் தனிச் சேடில் என்ற வசதியோடு வந்தது. கிப்சன் நிறுவனத்தின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்பு, 1950இல் லியோ ஃபெண்டர் வெளியிட்டு இன்று டெலிகாஸ்டர் என்று அழைக்கப்படும் கிதாரில் மூன்றே சேடில்கள். இரண்டு தந்திகளுக்கு ஒன்று. அக்காலத்தில் மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பியாக இருந்ததால் அதிகத் தொல்லை தெரியவில்லை. பின்னாளில் மூன்றாவதை ஒற்றைக் கம்பியாகக் கட்டத் தொடங்கினார்கள். அதிகம் பின்வாங்க வேண்டிய மூன்றாவதும், முன்னால் நிற்க வேண்டிய நான்காவதும் ஒரே உலோகக் கட்டையில் மாட்டிக்கொண்டன. மூன்று சேடில்களை விட மனமில்லாதவர்கள் இன்று அந்தக் கட்டையைச் சற்றுச் சாய்வாகச் செய்து போட்டுக்கொள்கிறார்கள்.